ஸ்டார் கொடுத்தால்தான் ஒழுங்கா?

கேள்வி: நாலாம் வகுப்பு, 38 பிள்ளைகள். நான் கேள்வியை முடிப்பதற்குள் ‘மிஸ், மிஸ்’ என்று ஆளாளுக்குப் பதிலைக் கத்துகிறார்கள். கை தூக்கச் சொன்னால் இரண்டு நாள் கேட்கிறார்கள், மூன்றாம் நாள் பழைய கதைதான். என்ன செய்வது?

பதில்: கத்தியவர்களில் சரியாகச் சொன்னவரைப் பார்த்து ‘கரெக்ட்’ என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறீர்களா? பாடத்தை முடிக்கும் அவசரத்தில் பலரும் செய்வதுதான். பத்துக்கு ஒரு தடவை அப்படி நடந்தாலும் போதும், கத்தினால் பலன் உண்டு என்று பிள்ளைகள் கணக்குப் போட்டுவிடுவார்கள்.

‘கை தூக்குங்கள்’ என்பதைக் கேள்விக்கு முன்னால் சொல்லுங்கள். பின்னால் சொன்னால், வாய்வரை வந்த பதிலை விழுங்கச் சொல்வதாகிவிடும். எட்டு ஒன்பது வயதில் அது லேசில் நடக்கிற காரியமில்லை. கேட்டபின் மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் காத்திருந்தது ஒரு விநாடி அளவுதான். அதை 3 விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். முந்துபவருக்குத்தான் வாய்ப்பு என்றால் கத்துவதுதானே புத்திசாலித்தனம்!

கத்துபவரைப் பார்க்கவும் வேண்டாம், ‘கத்தாதே’ என்றும் வேண்டாம். ‘கை தூக்கிக் காத்திருந்தாய், நீ சொல்லு’ என்று காரணத்தோடு இன்னொருவரை அழையுங்கள். முதல் மூன்று நான்கு நாள் சத்தம் கூடத்தான் செய்யும். இதுவரை பலித்த உத்தி பலிக்கவில்லையே என்று இன்னும் உரக்க முயல்வார்கள். பெரும்பாலோர் கைவிடுவது இந்த இடத்தில்தான். அன்றைக்கு ஒரே ஒரு கத்தலை ஏற்றுக்கொண்டாலும், எவ்வளவு உரக்கக் கத்த வேண்டும் என்பதை நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

38 பேரில் ஒரு பிள்ளைக்கு முறை வருவதே அபூர்வம் இல்லையா? மூன்றில் ஒரு கேள்விக்கு எல்லோரும் சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டட்டும். நீண்ட விடுமுறைக்குப் பின் ஐந்து நிமிடம் மறுபடி பழக்க வேண்டிவரும். அதற்குக் கோபம் வேண்டாம், வாய்ப்பாடும் மறக்கத்தான் செய்கிறது.

கேள்வி: நோட்டில் ஸ்டார் ஒட்டினால் ஒழுங்காக இருக்கிறார்கள். ஸ்டார் தீர்ந்த வாரம் ஒழுங்கும் தீர்ந்துவிடுகிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: திடீரென்று நிறுத்த வேண்டாம். முதல் வாரம் ஒவ்வொரு தடவையும், இரண்டாம் வாரம் மூன்றுக்கு ஒன்று, பிறகு எப்போதென்று தெரியாதபடி அபூர்வமாக. ஒட்டும்போதே ‘மணி அடித்ததும் நோட்டைத் திறந்துவிட்டாய்’ என்று செய்த செயலைச் சொல்லுங்கள். ஸ்டார் போன பிறகும் அந்தச் சொல் நிற்கும். ‘நல்ல பிள்ளை’ என்றால் எதற்காக என்று பிள்ளைக்கே புரியாது.

ஏற்கெனவே ஆசையாகச் செய்வதற்கு மட்டும் ஸ்டார் வேண்டாம். 1973-இல் வெளியான ஓர் ஆய்வில், படம் வரைவதில் ஆர்வமுள்ள சிறு பிள்ளைகளுக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாகச் சொல்லித் தந்தார்கள். சில நாள் கழித்து, கேட்க ஆளில்லாத நேரத்தில் அந்தப் பிள்ளைகள் முன்னைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்றவர்களிடம் இந்தச் சரிவு இல்லை. ஒட்டிய ஸ்டாரைத் தண்டனையாகக் கிழிப்பதையும் விட்டுவிடுங்கள். இழக்க ஒன்றுமில்லாத பிள்ளையை அடக்க அப்புறம் எதுவும் மிஞ்சாது.

கேள்வி: யார் செய்தது என்று தெரியாதபோது வகுப்பையே நிற்க வைப்பது சரியா?

பதில்: இல்லை. ஒழுங்காக இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று மற்றவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

கேள்வி: ஏழு வயது மகள், நான் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.

பதில்: ஒரே நாளில் எழுந்து போகாதீர்கள். முதல் கணக்கைச் சேர்ந்து போடுங்கள். இரண்டாவதை அவள் போடும்போது பேசாமல் இருங்கள். மூன்றாவதற்கு எழுந்து, ‘இது முடிந்ததும் கூப்பிடு’ என்று அதே அறையில் வேறு வேலை பாருங்கள். கூப்பிட்டால் உடனே வரவேண்டும், அதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு வாரம் போனதும் ‘இரண்டு முடிந்ததும் கூப்பிடு’ என்று மாற்றுங்கள், பிறகு ஒரு பக்கம். நடுவில் காய்ச்சலோ பரீட்சையோ வந்தால் ஒரு படி பின்னால் வந்து தொடங்கலாம்.