தலசீமியா உள்ள குழந்தையின் செலவுக்குத் தமிழ்நாட்டில் என்ன உதவி கிடைக்கும்?

தலசீமியா (ரத்தச் சிவப்பணுக்கள் சரியாக உருவாகாத பரம்பரை நோய்) உள்ள மகனுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுவதிலேயே சேமிப்பு கரைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் வேலையாக முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை வாங்குங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் போதும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, பிறகு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிவு.

பலர் கோட்டைவிடுவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைத்தான். "பிள்ளைக்குக் கை கால் நன்றாகத்தானே இருக்கிறது" என்று நாங்களும் இரண்டு வருடம் வீணாக்கினோம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தலசீமியா, ஹீமோபிலியா (ரத்தம் எளிதில் உறையாத நோய்) இரண்டையும் ஊனப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அரசு மருத்துவமனைச் சான்றோடு விண்ணப்பியுங்கள்.

சிகிச்சைக்கு ரயிலில் போனால் ஸ்லீப்பர், மூன்றாம் ஏசி இரண்டிலும் 75 சதவீதச் சலுகை. துணைக்குப் போகும் ஒருவருக்கும் உண்டு. ரயில்வேயின் படிவத்தில் மருத்துவர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். முத்திரை மங்கலாக இருந்ததற்காக ஒருமுறை டிக்கெட் கவுன்டரிலிருந்து திரும்பி வந்திருக்கிறேன், மடியில் காய்ச்சலோடு பிள்ளை.

ஒரு பிளாஸ்டிக் உறையில் எல்லாச் சான்றுக்கும் பத்து ஜெராக்ஸ் எப்போதும் இருக்கட்டும். உங்களுக்கும் மனைவிக்கும் அடுத்த குழந்தை எண்ணம் இருந்தால், அதற்குமுன் மருத்துவரிடம் மரபணு ஆலோசனை கேளுங்கள்.