முழங்கால் வலியோடு ஏற்காட்டில் நடக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது, முழங்கால் வலி. பையனுக்கு 8. சேலத்தில் மூவரும் சிரமமில்லாமல் நடந்து பார்க்க இடம் சொல்லுங்களேன். கிளியூர் அருவி சரிப்படுமா?

பதில்: கிளியூர் வேண்டாம். இறங்கும்போது தெரியாது, திரும்பி ஏறும்போது அம்மாவின் முழங்கால் படாத பாடு படும். முதல் நாள் விடிந்ததும் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்குப் போய்விடுங்கள். ஊர்க்காரர்களே முன்னின்று தூர்வாரி, அந்த மண்ணையே ஏரிக்குள் திட்டுகளாகக் குவித்து மரம் வளர்த்திருக்கிறார்கள், இப்போது அதில் கொக்கும் நாரையும் அடைகின்றன, பையனுக்கு இதைக் கட்டாயம் சொல்லிக் காட்டுங்கள். கரையில் முடிந்த தூரம் நடந்தால் போதும்.

அப்புறம் ஏற்காடு. 20 கொண்டை ஊசி வளைவு, அதனால் வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். மேலே சேர்வராயன் குகைக் கோயில்வரை வண்டி போகும். குகைக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும், அம்மா வாசலில் நின்று கும்பிட்டாலும் சரிதான். இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் குலதெய்வம், செருப்பைக் கழற்றிவிட்டு அமைதியாகப் போங்கள். வெளியே 1,600 மீட்டர் உயரத்தில் பரந்த புல்வெளி. எனக்கு ஏற்காட்டிலேயே மிகப் பிடித்த நடை அதுதான். காபித் தோட்டத்துக்குள் மட்டும் கேட்காமல் நுழையாதீர்கள்.