வாசகர் கேள்வி – பதில்: பரிசு அட்டையில் மிச்சமும் மோசமும்

கேள்வி: எனது மகன் ரொறன்ரோவில் படிக்கிறார். நத்தார் காலத்தில் உணவகங்களில் 50 டொலருக்குப் பரிசு அட்டை (முன்கூட்டியே காசு கட்டி, பின்னர் அங்கே செலவழிக்கும் அட்டை) வாங்கினால் 10 டொலர் அட்டை ஒன்று இனாமாகக் கிடைக்கும் என்று வாங்கி வைப்பார். சென்ற வருடம் ஒரு சுப்பர்மார்க்கெட்டில் வாங்கிய அட்டையைச் சில கிழமைகள் கழித்துப் பாவிக்கப் போனபோது அதில் ஒரு சதமும் இருக்கவில்லை. பையிலேயே கிடந்த அட்டை எப்படி வெறுமையாகும்? இந்தச் சலுகைகளில் உண்மையில் மிச்சம் உண்டா?
– வாசகி, கொக்குவில்

பதில்: அட்டை மகனின் பையில் இருந்தாலும் அதன் இலக்கம் அவர் வாங்குவதற்கு முன்னரே வேறொருவரிடம் போய்விட்டது என்றே நினைக்கிறேன். நாங்கள் கைத்தொலைபேசிக்குச் சுரண்டிப் போட்ட றீலோட் காட்டைப் போல, இதிலும் இலக்கத்தை முதலில் அழுத்துபவருக்கே காசு சேரும். ஆனால் றீலோட் காட் கடைக்காரரின் லாச்சிக்குள் இருந்தது. பரிசு அட்டையோ எவரும் எடுத்துப் பார்க்கக்கூடியதாகக் கடையில் தொங்குகிறது.

திருடர்கள் அவ்வாறு தொங்கும் அட்டைகளை அள்ளிச் சென்று, உறையைப் பிரித்து, இரகசிய இலக்கத்தைச் சுரண்டிப் பதிந்துகொண்டு, சுரண்டிய இடத்தில் அதே போன்ற வெள்ளிநிற ஸ்டிக்கரை ஒட்டி, உறையைப் பசையிட்டு மூடி, எடுத்த இடத்திலேயே திரும்பவும் தொங்கவிடுகிறார்கள். அந்த வேளையில் அட்டையில் காசு இல்லை. காசாளர் அதை இயந்திரத்தில் காட்டிப் பணம் பெற்ற பின்னரே காசு ஏறும். அதுவரை கணினி நிரல் ஒன்றைக் கொண்டு மீதியைத் திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டிருந்து, ஏறியவுடன் எடுத்துவிடுவார்கள். இன்னொரு வகையினர் உறையிலுள்ள பார்கோட்டின் மேல் தங்களிடமுள்ள வேறோர் அட்டையின் பார்கோட்டை ஒட்டிவிடுவதால், உங்கள் காசு நேரே அவர்களுடைய அட்டைக்கே ஏறுகிறது. அமெரிக்காவில் இந்தத் திருட்டு எவ்வளவு பெருகிவிட்டதென்றால், அந்நாட்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் 2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இதற்கென்றே ‘புரொஜெக்ற் ரெட் ஹூக்’ என்னும் தனி நடவடிக்கையைத் தொடங்கியது. மேரிலண்ட் மாநிலம் 2024இல் சட்டம் இயற்றி, 2025 ஜூன் முதல் பாதுகாப்பான உறை வேண்டும் என்று விதித்தது.

வாங்குமுன் உறையின் ஓரங்களை விரலால் தடவிப் பார்ப்பதும், வெள்ளிநிறப் பகுதி சரிந்தோ தடித்தோ இருக்கிறதா என்று கவனிப்பதும், பார்கோட்டின் மூலையை நகத்தால் மெல்லக் கிளப்பிப் பார்ப்பதும் பயன் தரும். வரிசையின் பின்னாலிருந்து எடுத்தால் பாதுகாப்பு என்று பலர் சொல்வதை நான் பெரிதாக நம்புவதில்லை, ஏனெனில் திருடனுக்கும் பின்னால் தொங்கவிடத் தெரியும். காசு கட்டியதும், பற்றுச்சீட்டில் அட்டை இலக்கத்தின் கடைசி எண்கள் அச்சாகியிருந்தால், அவற்றை அட்டையிலுள்ள எண்களோடு அந்த இடத்திலேயே ஒப்பிட வேண்டும். பார்கோட் மாற்றப்பட்டிருந்தால் அங்கேயே பிடிபடும். ஆயினும் கைதேர்ந்தவர்கள் ஒட்டியதைக் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம் என்பதால், அந்தந்த நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்தில் மின்னஞ்சல் வழியாக வரும் அட்டையை வாங்குவதையே நான் சொல்வேன். வாங்கிய அட்டையை மாதக்கணக்கில் வைத்திருக்காமல் உடனே பாவிப்பதோ, அந்த நிறுவனத்திலுள்ள உங்கள் இணையக் கணக்கில் ஏற்றிவிடுவதோ நல்லது.

மகனின் அட்டை விடயத்தில், அட்டையும் பற்றுச்சீட்டும் இன்னும் இருந்தால், அட்டையின் பின்புறத்திலுள்ள தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து, அது எந்தத் திகதியில், எங்கே செலவாகியது என்று கேட்கச் சொல்லுங்கள். பிறகு விற்ற கடையிடமும், கனேடிய மோசடித் தடுப்பு நிலையத்திடமும் முறையிடலாம். கடனட்டையில் வாங்கியிருந்தால் வங்கிக்கும் அறிவிக்கலாம். காசு திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் பற்றுச்சீட்டு இல்லாதவரின் பேச்சு எங்கும் எடுபடாது.

மிச்சத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 50 டொலர் கொடுத்து 60 டொலருக்குச் சாப்பிட்டால் கழிவு ஏறத்தாழ 17 வீதமே தவிர, விளம்பரத்தைப் பார்த்துப் பலரும் எண்ணுவது போல 20 வீதமன்று. அதுவும் அந்தப் 10 டொலரைத் தவறாமல் பாவித்தால் மாத்திரமே. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் 2007 ஒக்டோபர் முதல், காசு கொடுத்து வாங்கும் பரிசு அட்டைக்குக் காலாவதித் திகதி போட முடியாது. ஆனால் இனாமாகத் தரும் அட்டைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாததால், தை, மாசி மாதங்களோடு அது செல்லாமல் போவது வழக்கம். எப்படியும் போகவிருந்த கடைக்கு வாங்கினால் இலாபம். 10 டொலருக்காகவே போனால் அந்த உணவகத்துக்குத்தான் இலாபம். வீசா, மாஸ்டர்காட் பெயர் பொறித்த அட்டைகளுக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் அறவிடப்படுவதால், சலுகையின் ஒரு பங்கு அதிலேயே போய்விடும்.

கேள்வி: அமெரிக்காவிலுள்ள அண்ணா கழிவு விலையில் அட்டைகளை வாங்கி, இலக்கத்தைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பட்டுமா என்று கேட்கிறார். முகநூலிலும் அரை விலைக்கு அமேசன் அட்டை தருவதாக ஒருவர் சொல்கிறார்.
– வாசகர், சாவகச்சேரி

பதில்: எந்த அட்டை என்பதை முதலில் பாருங்கள். அமெரிக்க அப்பிள் அட்டை அமெரிக்காவில் பதிந்த கணக்கில் மட்டுமே ஏறும். அமெரிக்க அமேசன் அட்டையைக் கனேடிய அமேசன் தளத்தில்கூடப் பாவிக்க முடியாது. இங்கே உங்கள் கணக்கு எந்த நாட்டில் பதிவாகியுள்ளது என்று பார்க்காமல் அண்ணாவின் காசைச் செலவழிப்பிக்க வேண்டாம். இலக்கத்தின் படம் உங்கள் இருவரின் தொலைபேசிகளிலும் கிடக்கும்; ஒன்று கைமாறினாலும் காசு போய்விடும். நிறுவனத்தின் தளத்திலிருந்து நேரே உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

உண்மையான கழிவும் இருக்கத்தான் செய்கிறது. கொஸ்ற்கோ போன்ற அங்கத்தவர் கடைகள் 100 டொலர் உணவக அட்டைகளை 80 டொலரளவில் விற்பதுண்டு. அமேசன் அட்டையை அரை விலைக்குத் தருபவரோ, அதைத் திருட்டுக் கடனட்டையில் வாங்கியிருப்பார், அல்லது ஏற்கெனவே காலியானதை விற்பார். அவரோடு பேரம் பேசவே வேண்டாம்.

கேள்வி: சித்தப்பாவின் வட்ஸ்அப்பிலிருந்து, அவசரமாகப் பரிசு அட்டைகள் வாங்கி இலக்கங்களை அனுப்பும்படி செய்தி வந்தது. அனுப்பலாமா?
– வாசகி, நெல்லியடி

பதில்: அனுப்ப வேண்டாம். சித்தப்பாவைச் சாதாரண அழைப்பில் கூப்பிட்டு, அவருடைய குரலைக் கேளுங்கள்; அவருடைய வட்ஸ்அப் கணக்கு களவு போயிருக்கக்கூடும் என்பதை அவருக்கும் சொல்லுங்கள். கணினி, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் அமைப்பின் 101 இலக்கத்துக்கு அறிவிக்கலாம். சுங்க வரியோ அபராதமோ எதுவானாலும், அதைப் பரிசு அட்டையில் கட்டச் சொல்லும் அலுவலகம் உலகில் எங்கும் இல்லை.

கேள்வி: யாழ்ப்பாணக் கடைகளில் தீபாவளிக்குக் கிடைக்கும் பரிசு வவுச்சர்களிலும் இந்தப் பயம் உண்டா?
– வாசகர், நல்லூர்

பதில்: கடைக்காரர் உங்கள் கண்முன்னே திகதியும் முத்திரையும் இட்டுத் தரும் கடதாசி வவுச்சரில் இலக்கத் திருட்டுக்கு இடம் குறைவு. கடைசித் திகதி என்ன, மீதிக் காசு தருவார்களா, கழிவு விலைப் பொருட்களுக்கும் செல்லுமா என்று வாங்கும்போதே கேளுங்கள். சொன்னதற்கு மாறாக நடந்தால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம்.

கேள்வி: காசு முடிந்த அட்டையை எறிந்துவிடலாமா?
– வாசகி, சுன்னாகம்

பதில்: வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கும் தவணை முடியும்வரை எறிய வேண்டாம். பல கடைகள் அந்தப் பணத்தைக் கையில் தராமல் அதே அட்டைக்கே திரும்ப ஏற்றுகின்றன.