108 கட்டுப்பாட்டு அறை வேலை: ஒரு தந்தையின் கடிதத்துக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

விலங்கியல் பட்டம் பெற்ற தங்கள் மகள் 108 கட்டுப்பாட்டு அறையில் வேலைக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னபோது, "இவ்வளவு படித்துவிட்டு போன் எடுக்கிற வேலையா?" என்று கேட்டதாக எழுதியிருந்தீர்கள். போன் எடுக்கிற வேலைதான். ஆனால் அந்த போனில் என்ன நடக்கிறது என்பதை அறிந்த பிறகு முடிவெடுப்பது நல்லது.

தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவைக்கு மாநிலத்தின் எந்த மூலையிலிருந்து அழைத்தாலும், அழைப்பு முதலில் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் வருகிறது. "பஞ்சாயத்து போர்டுக்கு எதிர்த்த தெரு, சீக்கிரம் வாங்க" என்று பதறுபவரிடம், எல்லா ஊரிலும் பஞ்சாயத்து போர்டு உண்டு என்பதால், மாவட்டம், வட்டம், ஊர் என்று வரிசையாகக் கேட்டு வாங்க வேண்டும். அடுத்து, நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா என்ற கேள்விகள். நினைவில்லாதவரைப் பற்றி "மூச்சு இருக்குங்க, விட்டு விட்டு இழுக்குது" என்று பதில் வந்தால், அது பெரும்பாலும் இதயம் நின்ற பின் வரும் திணறலே என்று உணர்ந்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை நெஞ்சை அழுத்தும்படி அங்கிருப்பவருக்குக் குரலாலேயே சொல்லித்தர வேண்டும். இக்கேள்விகளை வரிசைப்படுத்தும் முறையை 1970களின் இறுதியில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் ஜெஃப் கிளாசன் என்ற மருத்துவர் வகுத்தார். அதையொட்டிய பன்னாட்டுச் சான்றிதழை இன்றும் 2 ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும்.

எந்த வண்டியை அனுப்புவது என்று முடிவு செய்வது அடுத்த நிலை. அருகில் நிற்பது சாதாரண ஆம்புலன்ஸ், சற்றுத் தொலைவில் இருப்பது வென்டிலேட்டர் உள்ளது என்றால், அந்தச் சில நொடிகளில்தான் அனுபவம் பேசும். அதற்கு மேல் ஷிப்ட் மேற்பார்வை, அழைப்புகளின் தரத்தை ஆராய்தல், புதியவர்களுக்குப் பயிற்சி தருதல் ஆகியவை உண்டு. என் கணிப்பில் இந்தப் பதவி உயர்வு ஏணி குட்டையானது. மேலும் இது அரசுத் திட்டமே தவிர அரசு வேலை அன்று. உறவினர்கள் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம், நம்ப வேண்டாம்.

தங்கள் மகளுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ஆம்புலன்ஸில் செல்லும் மருத்துவ உதவியாளர் பணிக்கான அறிவிப்புகளில் செவிலியர் படிப்புடன் விலங்கியல், தாவரவியல் போன்ற பட்டங்களையும் ஏற்கிறார்கள். ஆனால் வயது வரம்பு பெரும்பாலும் 30. தேர்வானவர்களுக்கு சுமார் 50 நாட்கள் வகுப்பறைப் பயிற்சியும், மருத்துவமனையிலும் வண்டியிலும் நேரடிப் பயிற்சியும் தரப்படுகின்றன. நோயாளியைத் தொட்டுச் சிகிச்சை செய்யும் ஆசை இருந்தால், கட்டுப்பாட்டு அறையில் சில ஆண்டுகள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல் இப்போதே இதற்கு விண்ணப்பிக்கட்டும். எந்தப் பக்கம் போனாலும் இரவுப் பணி தவிர்க்க முடியாதது. ஆகவே நேர்காணலிலேயே ஷிப்ட் நேரம், தங்குமிடம், இரவில் போய்வரும் வசதி ஆகியவற்றைக் கேட்டுவிடச் சொல்லுங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை. தங்கள் வீட்டுக்கு இதுவரை வராத ஒருவருக்கு, கூகுள் மேப் அனுப்பாமல், போனிலேயே ஒரு நிமிடத்துக்குள் மகளை வழி சொல்லச் சொல்லுங்கள். அவர் குழம்பித் திரும்பத் திரும்பக் கேட்கும்போது மகளின் குரல் எப்படி மாறுகிறது என்று அருகிலிருந்து கவனித்து எனக்கு எழுதுங்கள்.