பெயரும் நிலமும்

வணக்கம் ஐயா,

லோயர் பரேலில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிடும் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் இன்றும் இது பம்பாய்தான். போன வாரம் ஆபீஸில் பழக்கதோஷத்தில் 'பாம்பே' என்றேன். பக்கத்து சீட் மராத்திப் பெண் எல்லார் முன்னாலும் 'மும்பை' என்று திருத்தினார். உண்மையில் ஏன் பெயரை மாற்றினார்கள்? போர்ச்சுக்கீசியர் வைத்த பெயர் என்பதாலா, மும்பாதேவிக்காகவா, ஓட்டுக்காகவா? தமிழர்களை விரட்டப் பார்த்தவர்கள் வைத்த பெயரை நாம் ஏன் சொல்ல வேண்டும்? எல்லாருக்குமான பம்பாய் அன்றோடு செத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஆர்., மும்பை

அன்புள்ள ஆர்.,

நீங்கள் கேட்ட மூன்றுமே காரணம்தான். மும்பாதேவி கோலி மீனவர்களின் தெய்வம். மராத்திக்காரர்களும் குஜராத்திகளும் ஊரை வெகுகாலமாக மும்பை என்றுதான் சொல்லிவந்தார்கள். 1995-ல் சிவசேனா-பாஜக கூட்டணி ஜெயித்தது, மனோகர் ஜோஷி முதல்வரானார், அதே வருடம் பெயர் மாறியது. ஓட்டும் அதில் உண்டு, யார் இல்லையென்றது? அடுத்த வருடமே நாம் மெட்ராஸைச் சென்னை ஆக்கினோம். அதற்கு உங்கள் வீட்டில் யாரும் அழுதிருக்க மாட்டார்கள்.

ஆனால் 'அவர்கள் வைத்த பெயர்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விட மாட்டேன். உடுப்பி ஓட்டல்களில் கல் விழுந்ததும், லுங்கிக்காரன் என்று நம்மவர்களை விரட்டியதும் எனக்கும் தெரியும். அதை மறக்கச் சொல்லவில்லை. சிவசேனா தொடங்கியது 1966-ல். அதற்குப் பத்து வருடம் முன்பே, மும்பையோடு சேர்ந்த மகாராஷ்டிரம் வேண்டும் என்று பஞ்சாலைத் தொழிலாளிகள் தெருவில் நின்றார்கள். கம்யூனிஸ்ட் டாங்கேயும் சோஷலிஸ்ட் எஸ்.எம். ஜோஷியும் பத்திரிகைக்காரர் ஆச்சார்ய அத்ரேயும் தலைமை தாங்கினார்கள். போலீஸ் சுட்டதில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். ஃப்ளோரா ஃபவுண்டன் பக்கம் ஹுதாத்மா சௌக்கில் நினைவுச்சின்னம் இருக்கிறது. தினமும் பஸ்ஸில் கடக்கிறவர்கள்கூட இறங்கிப் பார்ப்பதில்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து உலுக்கியது லோயர் பரேல். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே ஓர் அச்சகத்தில் பிழைதிருத்துபவன். சாப்பாடு ஒரு சாலில், அதாவது ஒற்றை அறைகள் வரிசையாக இருக்கும் தொழிலாளர் குடியிருப்பில், மராத்தி அம்மாள் நடத்திய கானாவளியில், மாதக் கணக்குச் சாப்பாட்டு மெஸ்ஸில். மாவ்ஷி, சித்தி என்றுதான் கூப்பிடுவோம். ஒரே அறை. அதிலேயே சமைத்து, ஆலைக்காரர்களை ஷிப்டு ஷிப்டாக உட்கார வைத்துப் பரிமாறுவார். ஆலைச் சங்கு ஊதினால் பாக்ரி ரொட்டி தட்ட ஆரம்பிப்பார், கடிகாரம் கிடையாது. கூடவே உசல் என்கிற பயறுக் குழம்பு, சில நாள் பொம்பில் மீன் கருவாடு. காசு மாதக் கடைசியில். கணக்கு, கதவின் பின்பக்கத்தில் சாக்பீஸ் கோடுகளாக இருக்கும், ஆளுக்கு ஒரு வரிசை. அவர் வாயில் நான் மும்பையைத் தவிர வேறு பெயர் கேட்டதில்லை. அதற்கு அரசாணை ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

1982 ஜனவரி 18-ல் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் ஆலைகளில் வேலைநிறுத்தம் தொடங்கியது. இரண்டரை லட்சம் பேர். சங்கு நின்றது. மாவ்ஷி சில மாதம் கடனுக்குப் போட்டார். அப்புறம் ஆட்கள் ஒவ்வொருவராக ரத்னகிரிக்கும் சாத்தாராவுக்கும் ஊர் திரும்பினார்கள். சொல்லிக்கொள்ள வெட்கப்பட்டு, விடிவதற்குள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. கதவில் கோடுகள் அப்படியே இருந்தன. ஈரத்துணி வைத்துத் துடைத்துவிடலாமே என்றேன். 'எல்லாம் நல்ல பையன்கள், வந்து கொடுப்பார்கள்' என்றார். அந்த வேலைநிறுத்தம் முறைப்படி முடித்துவைக்கப்படவே இல்லை.

இனி நிலத்தைப் பற்றி. நீங்கள் பெயரைப் பற்றி மட்டும் எழுதியதால் எனக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். மத்திய மும்பையில் ஆலைகளிடம் சுமார் 600 ஏக்கர் இருந்தது. 1991-ல் ஒரு விதி போட்டார்கள்: ஆலை நிலத்தில் வேறு எதைக் கட்டினாலும் மாநகராட்சிக்கு ஒரு பங்கு, வீட்டுவசதி வாரியத்துக்கு ஒரு பங்கு, மீதி முதலாளிக்கு. காகிதத்தில் ஆளுக்குக் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. 2001-ல் காங்கிரஸ் கூட்டணி ஆட்சியில் அதே விதியைத் திருத்தினார்கள். கட்டடம் இல்லாத காலி இடத்தை மட்டும் பங்கு போட்டால் போதும். ஆலை என்றால் சுவருக்குச் சுவர் கொட்டகை, காலி இடம் எங்கே இருக்கும்? வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. 2006-ல் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பு. பூங்காவும் தொழிலாளிக்கு வீடும் வர வேண்டிய இடத்தில் மாலும் ஆபீஸும் வந்தன. ஃபீனிக்ஸ் மாலுக்குப் போயிருப்பீர்கள், அது ஃபீனிக்ஸ் மில். தாதரில் சிவசேனா பவனுக்கு எதிரே கோஹினூர் ஆலை நிலத்தை 2005-ல் 421 கோடிக்கு வாங்கியவர்களில், பெயரை மாற்றிய அதே முதல்வரின் மகனும் ஒருவர். ஏலம் சட்டப்படிதான் நடந்தது. நான் வேறு எதுவும் சொல்லவில்லை.

எல்லாருக்குமான பம்பாய் 1995-ல் செத்தது என்கிறீர்கள். அதற்குப் பதின்மூன்று வருடம் முன்பே மாவ்ஷி வீட்டில் அடுப்பு அணைந்துவிட்டது. அப்போது இந்தப் 'பம்பாய்ப் பிரியர்கள்' யாரும் ஒப்பாரி வைத்ததாக எனக்கு நினைவில்லை. பெயரை மாற்றியவர்களும் அந்த அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. பலகை எழுதுகிற செலவோடு முடிந்தது.

தாத்தாவின் பம்பாயை வீட்டில் தாராளமாகச் சொல்லுங்கள். உயர்நீதிமன்றமே இன்னும் பாம்பே என்றுதான் இருக்கிறது, ஐஐடியும் அப்படித்தான். ஆபீஸில் மும்பை என்று சொன்னால் ஒன்றும் குறைந்துவிடாது. அந்தப் பெண்ணிடம் சண்டைக்குப் போகாமல், அவர் வீட்டில் யாராவது ஆலையில் வேலை பார்த்தார்களா, இப்போது எங்கே குடியிருக்கிறார்கள் என்று ஒரு நாள் டீ குடிக்கும்போது கேட்டுப் பாருங்கள். டோம்பிவிலி, பத்லாபூர் என்று தொலைதூரப் புறநகர் ஏதாவது சொல்வார். அங்கிருந்து தினமும் லோக்கலில் நின்றுகொண்டே வருகிறவருக்குக் காலையில் கொஞ்சம் கோபம் இருக்கத்தான் செய்யும்.