கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டால் ஜிஎஸ்டி வராதா?

கேள்வி: விழுப்புரம் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அரிசி, பருப்பு, காய்கறி, சோப்பு, பிஸ்கட் எல்லாம் உண்டு. வியாபாரத்தில் பாதிக்கு மேல் ஜிபே, போன்பேயில்தான் வருகிறது. "யுபிஐயில் வாங்கினால் ஜிஎஸ்டி நோட்டீஸ் வரும், அட்டையைக் கழற்றிவிடு" என்கிறார் புதுச்சேரியில் கடை வைத்திருக்கும் என் மைத்துனர். போகப் போக இதற்குக் கட்டணமும் போடுவார்கள் என்கிறார்கள். எடுத்துவிடலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். ஆனால் உங்கள் மைத்துனர் சும்மா பயப்படவில்லை. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் நடந்ததைப் பார்த்த எந்தக் கடைக்காரருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். அங்கே வணிகவரித் துறை, யுபிஐ சேவை நிறுவனங்களிடமிருந்து சில ஆண்டுகளின் வரவு விவரங்களை வாங்கி, ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறிக் கடைக்காரருக்கு, நான்கு ஆண்டுகளில் 1.63 கோடி ரூபாய் வரவு என்று காட்டி 29 லட்சம் ரூபாய் கேட்டிருந்தார்கள். பெங்களூரில் கடைக்குக் கடை 'யுபிஐ இல்லை, கேஷ் மட்டும்' என்று எழுதி ஒட்டினார்கள். கடைசியில் முதல்வர் சித்தராமையா வியாபாரிகளை அழைத்துப் பேசி, பழைய பாக்கியைக் கேட்க மாட்டோம், பதிவு மட்டும் செய்துகொள்ளுங்கள் என்று சொன்ன பிறகுதான் அடங்கியது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது. அப்புறம் ஏன் நோட்டீஸ் போனது? துறையின் கையில் இருந்தது மொத்த வரவு மட்டும்தான். அந்தப் பணம் தக்காளிக்கு வந்ததா, சோப்புக்கு வந்ததா, தம்பி கைமாற்றாகக் கொடுத்ததா என்பது அந்தக் கணக்கில் தெரியாது. அதைச் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். சொல்வதற்கு உங்களிடம் ஏதாவது எழுத்தில் இருக்கிறதா என்பதே என் கேள்வி.

முதலில் வரம்பு. தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்கும் கடைக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். 365 நாளும் கடை திறந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 10,960 ரூபாய் வியாபாரம். அதற்கு மேல் போகிறதா என்று கல்லாவைப் பார்த்தே சொல்லிவிடலாம். டீக்கடை, டிபன் கடை சட்டப்படி சேவையில் சேரும். அங்கே வரம்பு 20 லட்சம்தான். புதுச்சேரியில் பொருள் விற்பனைக்கே 20 லட்சம். அதனால் உங்களைவிட மைத்துனர்தான் முதலில் கணக்குப் பார்க்க வேண்டும்!

இந்த விற்றுமுதலில் ரொக்கமும் சேர்ந்தது. சட்டம் பணம் எந்த வழியில் வந்தது என்று கேட்பதில்லை. நாளொன்றுக்கு 12,000 ரூபாய் விற்கும் கடை, அட்டையைக் கழற்றினாலும் வரம்பைத் தாண்டிய கடைதான். இன்னொரு சிக்கல்: காய்கறி, பாக்கெட்டில் அடைக்காத தயிர் போன்ற வரியில்லாப் பொருள்களின் விற்பனையும் வரம்பைக் கணக்கிடும்போது கூட்டப்படும். வரியில்லாப் பொருள் மட்டுமே விற்பவருக்குப் பதிவே தேவையில்லை. உங்களைப் போலக் காய்கறியோடு சோப்பும் விற்பவருக்கு இரண்டும் சேர்ந்துதான் 40 லட்சம்.

சரி, தாண்டிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். குடி மூழ்கிவிடாது. தாண்டிய 30 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பித்து, 1.5 கோடி வரை விற்றுமுதல் உள்ளவர்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் சேரலாம். வரியுள்ள பொருள்களின் விற்பனையில் 1 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்ட வேண்டும். வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்க முடியாது, கொள்முதலில் கட்டிய வரியைக் கழிக்கவும் முடியாது. சில்லறைக் கடைக்கு இது பெரும்பாலும் தோதாகவே இருக்கும்.

இனி நான் உண்மையில் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். "அண்ணே, 2,000 ஜிபே போடுறேன், கேஷா குடுங்க" என்று கேட்டு வருபவர்கள் உங்கள் கடைக்கும் வருவார்கள். ஏடிஎம் தூரமாக இருக்கும் ஊர்களில் மளிகைக் கடைதான் ஏடிஎம். தெரிந்தவர், மறுக்க முடியாது. ஆனால் அந்த 2,000 உங்கள் கணக்கில் விற்பனை போலவே உட்கார்ந்துவிடும். தினம் இரண்டு பேர் இப்படி வந்தால் ஆண்டுக்கு 14.6 லட்சம் ரூபாய்! 30 லட்சம் விற்கும் கடை 44.6 லட்சம் விற்றதாகத் தெரியும். சீட்டுப் பணம், மகளுக்கு வந்த மொய், பக்கத்து வீட்டுக்காரர் கரண்ட் பில் கட்டச் சொல்லி அனுப்பியது என்று எல்லாம் அதே கணக்கில் விழுந்தால் சொல்லவே வேண்டாம்.

முன்பின் தெரியாதவர் இப்படிக் கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இணைய மோசடியில் பறித்த பணத்தை ரொக்கமாக மாற்றும் வழிகளில் இதுவும் ஒன்று. ஏமாந்தவர் 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணுக்குப் புகார் செய்தவுடன், அந்தப் பணம் எந்தெந்தக் கணக்குக்குப் போனதோ அங்கெல்லாம் முடக்கம் வரும். கடைசியில் இருப்பது உங்கள் கணக்கு. அப்படி முடக்கினால் வங்கியில் புகார் எண்ணையும் எந்தக் காவல் நிலையம் என்பதையும் எழுதி வாங்குங்கள்; விற்ற பொருளுக்கான பில்லைக் காட்டினால் பேச ஒரு பிடி இருக்கும். ரொக்கம் கொடுத்ததற்கு என்ன பில் காட்டுவீர்கள்?

ஆகவே செய்ய வேண்டியது இது. கடைக்கென்று தனிக் கணக்கு, அதற்கென்று வணிகர் கியூஆர். வீட்டு வரவு செலவு அதில் வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டில் தினம் இரவு நான்கே எண்கள்: ரொக்க விற்பனை, யுபிஐ விற்பனை, இரண்டும் சேர்ந்ததில் வரியில்லாப் பொருள் தோராயமாக எவ்வளவு, விற்பனை அல்லாத வரவு எவ்வளவு, யாரிடமிருந்து. கொள்முதல் பில்களை மாதவாரியாகக் கட்டி வையுங்கள். பெரிய சாஃப்ட்வேர் விற்க வருபவரை இப்போதைக்கு அனுப்பிவிடலாம்.

வருமான வரியில் யுபிஐ உங்களுக்குச் சாதகமும்கூட. 44ஏடி என்று ஆடிட்டர்கள் சொல்லும் முறையில், ரொக்க விற்பனையில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்ட வேண்டும். வங்கி வழி, யுபிஐ வழி வந்ததில் 6 சதவீதம் போதும். 35 லட்சம் விற்பனை என்றால் 2.8 லட்சத்துக்கும் 2.1 லட்சத்துக்கும் உள்ள வித்தியாசம். உண்மையைச் சொன்னால், வேறு வருமானம் இல்லாத உங்களுக்கு இரண்டிலும் வரி வராது. ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்து வைத்தால், முத்ரா கடனுக்குப் போகும்போது வங்கி மேலாளர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை.

அட்டையை எடுப்பதால் வரும் நட்டத்தையும் யோசியுங்கள். 2016-இல் தொடங்கிய யுபிஐயில் 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகள் நடந்தன. ரொக்கம் ஒழிந்துவிடவில்லை, புழக்கத்தில் உள்ள நோட்டுகளின் மதிப்பு 2025 மார்ச்சில் 36 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது, பணமதிப்பிழப்புக்கு முன்பு இருந்ததைப் போல இரு மடங்கு. ஆனால் வீட்டில் சேர்த்து வைக்கும் 500 ரூபாய் நோட்டு வேறு, பால் பாக்கெட் வாங்கக் கையில் இருக்கும் காசு வேறு. பர்ஸே இல்லாமல் வரும் பையன் அடுத்த கடைக்குப் போய்விடுவான்.

கட்டண விஷயத்தில் வதந்திதான் அதிகம். 2020 ஜனவரி முதல் வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐ பணத்துக்கு வணிகரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி. 2025 ஜூனில் கட்டணம் வரப்போவதாகச் செய்தி பரவியபோது நிதியமைச்சகம் மறுத்தது. ஆனால் இந்தச் செலவை யாராவது ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ராவே சொல்லியிருக்கிறார். அரசு மானியம் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருக்கிறது. என் கணிப்பு, என்றாவது கட்டணம் வந்தாலும் பெரிய நிறுவனங்களிலிருந்துதான் தொடங்கும். ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்துக் கட்டுபவர்கள் கதை வேறு. தொகை பெரிதானால் அதில் கட்டணம் பிடிக்கலாம், உங்கள் வங்கியிடம் கேட்டுவிடுங்கள்.

இப்போதே நீங்கள் கட்டும் ஒரு செலவு இருக்கிறது: பணம் வந்ததைச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டியின் மாத வாடகை. அதை வீண் என்று நினைக்காதீர்கள். போலிச் செயலியில் பச்சை டிக்கைக் காட்டிவிட்டு நழுவுபவர்களிடமிருந்து கூட்ட நேரத்தில் காப்பாற்றுவது அதுதான். பெட்டி பேசவில்லை, செயலியிலும் வரவு இல்லை என்றால் சரக்கைக் கொடுக்க வேண்டாம். வாடிக்கையாளர் கணக்கில் பணம் பிடித்திருந்தால் ஐந்து நாளுக்குள் அது அவருக்குத் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி அவருக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019 உத்தரவு. முகம் கோணுபவரிடம் இதைச் சொல்லுங்கள்.