மணாலிக்கு எந்த ஸ்லெட்ஜ் (பனியில் சறுக்கும் வண்டி) எடுத்துப் போகலாம்?

கேள்வி: தில்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். ஜனவரியில் 5, 9 வயதுப் பிள்ளைகளோடு பஸ்ஸில் மணாலி போகிறோம். ஆன்லைனில் வட்டத் தட்டு, காற்றடிக்கும் ட்யூப், இரும்புப் பட்டை வைத்த மர வண்டி என்று வகைவகையாக இருக்கின்றன. எதை வாங்கலாம்?

பதில்: பக்கமெல்லாம் உயர்ந்து, குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி மாதிரி இருக்கும் கெட்டி பிளாஸ்டிக் வண்டி ஒன்று போதும். முன்னால் கயிறு இருக்கட்டும். இருபுறமும் கைப்பிடி பிரேக் இருந்தால் இன்னும் நல்லது. பஸ் டிக்கியில் அடங்கிவிடும்.

புதிதாக விழுந்த பனி பொலபொலவென்று இருக்கும். கால் கணுக்கால்வரை புதையும். அதில் இரும்புப் பட்டை வண்டியை வைத்தால் மொத்த எடையும் இரண்டு மெல்லிய கோட்டில் இறங்கி, வண்டி அப்படியே புதைந்து நின்றுவிடும். அடி அகலமான வண்டிதான் மேலே மிதந்து வழுக்கும். இறுகிய பனியில் கதை தலைகீழ். அங்கே பட்டை கடித்துப் பிடிக்கும், திருப்பவும் முடியும். ஆனால் சுற்றுலா போகிறவர்களுக்கு அந்தச் செலவு வீண்.

வட்டத் தட்டு சுழன்றுகொண்டே போகும். பிள்ளை பின்பக்கமாகத் திரும்பி, எதிரே என்ன வருகிறது என்றே தெரியாமல் இறங்கும். மரம், பாறை இல்லாத சின்னச் சரிவுக்கு மட்டும் சரி. ட்யூப் குலுக்கலைத் தாங்கும். ஆனால் வேகம் அதிகம், திருப்ப வழியில்லை. ஓட்டல் அறைக்குள் காற்றடித்தால் வெளிக்குளிரில் தொளதொளவென்று ஆகும், சரிவில் வைத்தே அடியுங்கள். 5 வயதுப் பிள்ளைக்கு இரண்டுமே வேண்டாம்.

காலையில் போனதும் குதிகாலால் பனியைக் குத்திப் பாருங்கள். பள்ளம் விழவில்லையென்றால் முந்தைய பகலில் உருகியது இரவில் உறைந்திருக்கிறது. வெயில் ஏறி அது இளகும்வரை டீ குடியுங்கள். மதியம் ஈரப்பனி இழுத்துப் பிடித்தால், வண்டியின் அடியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும்.

உட்கார்ந்து, கால் முன்னால் நீட்டித்தான் போகவேண்டும். குப்புறப் படுத்துத் தலை முன்னால் வேண்டவே வேண்டாம். சைக்கிள் ஹெல்மெட்டையும் பெட்டியில் போடுங்கள். சின்னவனோ சின்னவளோ, பெரியவர் மடியில்.

மணாலி ஊருக்குள் ஜனவரியில்கூடப் பனி நிச்சயமில்லை. பக்கத்திலுள்ள சோலாங் பள்ளத்தாக்குக்குப் போங்கள், அங்கும் இல்லையென்றால் அடல் சுரங்கம் தாண்டி சிஸ்ஸு கிராமம். கடும்பனி விழுந்தால் அந்தப் பக்கம் சுற்றுலா வண்டிகளை நிறுத்திவிடுவதுண்டு, ஓட்டல்காரரிடம் முதல்நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.